விரதம், நோன்பு, பாதயாத்திரை: மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோரிடம் உணவு, உறக்கம், உடற்பயிற்சி பற்றிக் கேட்பதுபோலவே, விரதம் இருப்பீர்களா, நோன்பு நோற்பீர்களா, பாதயாத்திரை செல்வீர்களா என்றும் நாங்கள் கேட்கிறோம். உண்மையைச் சொன்னால் மருத்துவர் தடுத்துவிடுவார் என அஞ்சிச் சிலர் மறைத்துவிடுகின்றனர். இக்கேள்வியின் நோக்கத்தை இங்கு விளக்க விரும்புகிறோம்.

நோயாளியின் நம்பிக்கை, பழக்கவழக்கம், குடும்பச் சூழல் ஆகியவற்றை அறிந்து, அவற்றுக்கேற்பச் சிகிச்சையை அமைப்பதும் மருத்துவர் பெறவேண்டிய பயிற்சியே. நோயைப் பற்றி நோயாளி என்ன கருதுகிறார் என்பதை மருத்துவர் கேட்டறிய வேண்டும் என, மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1978இல் தம் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். இந்தியாவிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடும் திறன் ஆகியவற்றுக்கான பயிற்சி இடம்பெற்றுள்ளது. 'கூடாது' என்று மட்டும் சொன்னால் நோயாளி விரதத்தைக் கைவிடுவதில்லை. நம்மிடம் சொல்வதைத்தான் கைவிடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் வேளை தவறாமல் உண்பீர்கள் என்ற கணக்கில்தான் மருந்தின் அளவு எழுதப்படுகிறது. ரமலான் நோன்பில் பகல் முழுவதும் உணவும் இல்லை, நீரும் இல்லை. அந்நிலையில் இன்சுலினையோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். அதற்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்தினால் சர்க்கரை மிகையாக உயரக்கூடும். சஹர் உணவுக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஏற்ப மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றியமைக்க வழியுண்டு. அதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே எங்களைச் சந்திப்பது நல்லது.

ஏகாதசி, சஷ்டி விரதங்களும் தவக்கால ஒறுத்தலும் இவ்வாறே. சிலர் நீரும் அருந்துவதில்லை. சிலர் பாலும் பழமும் மட்டும் உண்கின்றனர். பழம் மிகுந்தாலும் சர்க்கரை உயரும். ஆகவே விரதம் என்று மட்டும் சொல்லாமல், அன்று எதை, எப்போது உண்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சபரிமலைக்கும் பழனிக்கும் செருப்பின்றி நடப்போர் பலர். நீரிழிவால் பாத உணர்வு குன்றியவருக்கு முள் குத்துவதும் தார்ச்சாலையின் சூடும் தெரிவதில்லை. சிறு கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலை வரலாம். எனவே புறப்படுமுன் பாத உணர்வைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணர்வு குன்றியிருந்தால் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். நாள்தோறும் இரவில் உள்ளங்காலைக் குடும்பத்தினர் பார்ப்பது அவசியம்.

விரத நாளில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினால் உடனே சர்க்கரையைப் பரிசோதியுங்கள். அளவு 70 மி.கி.க்குக் கீழோ 300 மி.கி.க்கு மேலோ இருந்தால் விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும். 70க்குக் கீழ் இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதியுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். விரல் நுனியில் இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து.

டயாலிசிஸ் செய்துகொள்வோர், இன்சுலின் எடுக்கும் கர்ப்பிணிகள், அண்மையில் சர்க்கரை மிகக் குறைந்து மயங்கியோர் ஆகியோருக்கு விரதம் வேண்டாம் என்றே நாங்கள் சொல்வோம். நோயுற்றோருக்கு இஸ்லாம் நோன்பில் விலக்கு அளிக்கிறது. பிற சமயத்தார் தத்தம் சமயப் பெரியவர்களைக் கலந்து மாற்றுவழி காணலாம்.

அடுத்த முறை வரும்போது, இவ்வாண்டில் நீங்கள் கடைப்பிடிக்கும் விரத நாட்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நோயாளி சொல்லத் தயங்கினால் உடன் வருவோர் சொல்லுங்கள். அதைக் கொண்டே மருந்தின் அளவை நாங்கள் முடிவு செய்வோம்.