வளைவில் சிதறாத அலைகள்

தொலைக்காட்சியின் தொலை இயக்கியில் பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் புறப்படுகிறது. கைப்பேசியோ நுண்ணலைகளை நம்பியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பவை டெராஹெர்ட்ஸ் அலைகள். நொடிக்கு ஒரு டிரில்லியன், அதாவது ஒரு லட்சம் கோடி முறை அதிர்வது 1 டெராஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்.

தகவல் தொடர்புக்கு இங்கே தாராளமாக இடம் இருக்கிறது. அப்படியானால் இத்தனை காலம் ஏன் பயன்படுத்தவில்லை? இந்த அலைகளைப் பிடிப்பதும் கடினம், கொண்டு செல்வதும் கடினம்.

பிடிப்பதில் உள்ள சிக்கலை முதலில் பார்ப்போம். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஏறக்குறைய 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 1 டெராஹெர்ட்ஸ் ஒளித்துகளிடம் இருப்பதோ சுமார் 0.004 எலக்ட்ரான் வோல்ட். அறையின் சாதாரண வெப்பமே அதைவிட ஆறு மடங்கு ஆற்றல் கொண்டது. அந்த இரைச்சலில் மெல்லிய சமிக்ஞை மறைந்துபோகிறது.

இங்கேதான் இடத்தியல் பொருள்கள் கைகொடுக்கின்றன. இடத்தியல் என்பது, கிழிக்காமல் ஒட்டாமல் நெளித்தாலும் மாறாத தன்மைகளை ஆராயும் கணிதம். உளுந்து வடையை எவ்வளவு நசுக்கினாலும், ஓட்டை அடைபடாதவரை ஓட்டை ஒன்றுதான். காதுள்ள தேநீர்க் கோப்பைக்கும் ஓட்டை ஒன்று. ஆகவே கணிதத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே இனம். இந்தக் கணிதத்தைப் பொருள்களின் இயற்பியலுக்குக் கொண்டுவந்த தூலெஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவரும் 2016இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பிஸ்மத் செலினைடு இத்தகைய பொருள். அதன் உட்பகுதி மின்சாரத்தைத் தடுக்கும், மேற்பரப்பு கடத்தும். மேற்பரப்பு எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் இடைவெளி இல்லாததால், குறைந்த ஆற்றல் கொண்ட கதிர்களுக்கும் அவை அசையும். அகச்சிவப்பு, டெராஹெர்ட்ஸ் உணர்விகளுக்கு இதில் ஆர்வம் பிறந்தது இதனால்தான். ஆனால் இடைவெளி இல்லாத இடத்தில் கதிர் படாதபோதும் மின்னோட்டம் கசியும். அதைக் கட்டுப்படுத்துவது பெரிய சவால்.

அடுத்தது கொண்டு செல்வது. சில்லுக்குள் பாதை சட்டென்று திரும்பினால், சாதாரண அலைவழியில் அலையின் ஒரு பகுதி சிதறும் அல்லது திரும்பி வந்துவிடும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகமும் 2020இல் இதற்கு ஒரு வழி காட்டின. சிலிக்கான் சில்லில் பெரிதும் சிறிதுமான முக்கோணத் துளைகளை வரிசையாக இட்டனர். ஒரு பக்க அமைப்பு மறுபக்கத்தின் கண்ணாடி பிம்பம். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டிலேயே அலை ஓடியது. பத்துக் கூர்மையான திருப்பங்களைக் கடந்தும் நொடிக்கு 11 கிகாபிட் தகவல் பிழையின்றிச் சென்றது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இந்தப் பாதுகாப்பு குறிப்பிட்ட கோணத் திருப்பங்களுக்கே பொருந்தும். எல்லாக் குறைகளையும் தாங்காது. சில்லை விட்டு வெளியேறினால் காற்றிலுள்ள நீராவி டெராஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த நம் வட்டாரத்திற்கு இது சிறிய தடையன்று. எனவே இவ்வலைகள் முதலில் பயன் தரக்கூடிய இடம், சில்லுக்குள்ளும் ஓர் அறைக்குள்ளும் அமைந்த குறுந்தொலைவுத் தொடர்புகளே. ஊர் விட்டு ஊர் செல்லும் சேவைக்கு வேறு அலைகளையே நாட வேண்டியிருக்கும்.