நோன்பும் கண்ணொளியும்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் காலை அடுப்பு மூட்டாத இல்லங்கள் திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நம்மவரிடையே இன்றும் உள்ளன. ஏகாதசியன்று துளசித் தீர்த்தத்தோடு பகலைக் கழிக்கும் பாட்டியரும் உளர். அண்மைக் காலமாக, உண்ணாதிருந்தால் முதுமையிலும் கண் மங்காது என்றொரு பேச்சு பரவி வருகிறது. இதில் மெய் எவ்வளவு?

உயிரணு ஒவ்வொன்றிலும் பழுதுற்ற பகுதிகளைச் சிதைத்து, மீண்டும் பயன்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியன் டி டூவ் 1963இல் அதற்கு 'ஆட்டோபேஜி' எனப் பெயரிட்டார். தன்னையே தின்னுதல் என்பது பொருள். பின்னர் ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, ஈஸ்ட் நுண்ணுயிரைப் பட்டினி கிடக்கச் செய்தார். சில மணி நேரத்திற்குள் அதன் உள்ளறையில் கழிவுப் பொட்டலங்கள் நிரம்பிக் கிடந்ததை உருப்பெருக்கியில் கண்டார். இவ்வாராய்ச்சிக்கே 2016இல் அவருக்கு மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. கடைச் சரக்கு வராத நாளில் பரணைத் துழாவும் இல்லத்தரசியைப் போன்றதே உயிரணுவின் செயலும்.

கண்ணின் அருமையைக் காளத்திக்கு அருகில் வாழும் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் தம் நுனிகளை நாள்தோறும் உதிர்த்துப் புதுப்பித்துக் கொள்கின்றன. நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு உதிர்கிறது. அவற்றை விழுங்கிச் செரிப்பது பின்னாலுள்ள நிறமிப் படலத்தின் வேலை. அப்படலத்தின் அணுக்களோ பொதுவாகப் பெருகுவதில்லை. பிறந்தபோது பெற்றவற்றைக் கொண்டே எண்பது ஆண்டும் துப்புரவு நடந்தாக வேண்டும். வயது ஏறத் துப்புரவு தளர்கிறது, எச்சம் சேர்கிறது, படலத்தின் அடியில் மஞ்சள் திட்டுகள் தோன்றுகின்றன. சிலருக்கு நடுப்பார்வை மங்குகிறது.

பட்டினி துப்புரவைத் தூண்டுமாயின் கண்ணுக்கும் நலந்தானே என்று கேட்கலாம். எலிகளில் செய்த ஆய்வுகள் அவ்வாறு எண்ண இடந்தருகின்றன. ஆனால் மனிதருக்கு நோன்பால் இந்நோய் தடைப்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை. புகைபிடித்தல் இதனை வளர்க்கும் என்பதோ உறுதி. ஏகாதசி காத்து, இடையிடையே பீடி பற்றவைப்பவர் எதைக் காக்கிறாரோ!

நீரிழிவுடையோர் நிலைமை வேறு. இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ கொண்டு, உண்ணாமல் அலிபிரிப் பாதையின் 3,500க்கு மேற்பட்ட படிகளை ஏறத் துணிவது பேராபத்து. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் தோன்றி, மயக்கமும் நேரலாம். இத்தகையோர் நோன்புக்கு முன்னரே மருத்துவரிடம் மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறிதல் வேண்டும். கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து இடுவோர் நோன்பு நாளிலும் அதனை நிறுத்தலாகாது.

நம் நோன்புகள் பல, பகற்பட்டினியை மாலையில் வடையாலும் பாயசத்தாலும் ஈடுகட்டி விடுகின்றன. துவாதசிப் பாரணையே எமக்கு மிகவும் உவப்பானது. அகத்திக்கீரை, நெல்லிக்காய் என்று முன்னோர் வகுத்த அவ்வுணவில், விழித்திரை நடுவே தங்கிக் காக்கும் லூட்டீன் எனும் மஞ்சட்பொருள் கீரையில் உண்டு. அதனைத் துவாதசிக்கு மட்டும் ஒதுக்காமல் வாரம் மும்முறை சமைக்கலாம்.

அறுபது கடந்தோர் ஒரு கண்ணை மூடி, மற்றொன்றால் சன்னல் கம்பிகளை நோக்குக. பின்னர் கண்ணை மாற்றி நோக்குக. நேர்க்கம்பி வளைந்தோ இடையில் அழிந்தோ தோன்றினால், ஒருநாளும் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் செல்க. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, 2019 முதல் திருப்பதியிலேயே இயங்குகிறது. சித்தூர் அன்பர்களுக்கு வேலூர் ஷெல் கண் மருத்துவமனையும் அண்மையது.