‘கல்’ என்றால் கல் அல்ல!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்கால நேரம். சிங்காரப்பேட்டையில் என் வைத்தியசாலைக்கு ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கட்டட வேலைக்கு வந்திருந்த பீகார்க்காரன். இருபது வயசுகூட இருக்காது. துணைக்கு வந்த ஆளுக்கும் அவன் பாஷை அரைகுறைதான்.

“என்னப்பா பண்ணுது?” என்று கேட்டேன்.

“கல் ஸே பேட் மே தர்த் ஹை” என்றான்.

பேட் என்றால் வயிறு, தர்த் என்றால் வலி. அந்த அளவுக்கு இந்தி எனக்கும் தெரியும். ‘கல்’ என்றதும் நானே முடிவு கட்டிவிட்டேன். சிறுநீரகக் கல்! வெயிலில் வேலை, தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை, வயிற்றில் வலி... எல்லாம் பொருந்திப் போயிற்று. நாடி பிடித்ததுகூடப் பேருக்குத்தான். சிறுபீளையும் நெருஞ்சிலும் சேர்ந்த குடிநீர்ச் சூரணம் கொடுத்து, “தண்ணி நிறையக் குடி” என்று சைகையில் காட்டி அனுப்பினேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, காய்ச்சல், முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. பக்கத்துக் கடைத் தையல்கார பாய் ஓடி வந்து உருதுவில் அவனிடம் பேசிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“ஐயா, இவன் கல்லுன்னு சொல்லலே. ‘நேத்துலேர்ந்து வயித்து வலி’ன்னுதான் சொல்லியிருக்கான். எங்க பாஷையில கல்னா நேத்து!”

அதற்குப் பிறகுதான் அவன் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே வலது பக்கம் விரல் பட்டதும் துடித்துவிட்டான். குடல்வால் அழற்சி! உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அன்றைக்கே ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார்கள். நல்லவேளை, பையன் பிழைத்துக்கொண்டான்.

எனக்கு இந்தி தெரியாதது தப்பே இல்லை. தெரிந்ததாக நினைத்துக்கொண்டேனே, அதுதான் தப்பு!

எட்டில் ஒன்று மொழி

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவை அந்த எட்டு. இதில் ‘மொழி’ என்பது நோயாளி எந்தப் பாஷை பேசுகிறார் என்பதல்ல. குரல் உரத்து வருகிறதா, தாழ்ந்து வருகிறதா, பேச்சு தடுமாறுகிறதா என்று பார்ப்பது. மற்ற ஏழுக்கும் பாஷையே வேண்டாம். தொட்டுப் பார்க்கலாம், கண்ணைப் பார்க்கலாம், நாக்கை நீட்டச் சொல்லலாம். கல்லூரியில் இதையெல்லாம் படித்த நானே, ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் மற்றதையெல்லாம் கோட்டை விட்டேன்.

காது செய்கிற குளறுபடி

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் பல பாஷைகள் கலந்த பூமி. ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. பிறகு பர்கூர், போச்சம்பள்ளி என்று தொழிற்சாலைகள் பெருகின. இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். உங்கள் வீடு கட்டுகிற கொத்தனார், ஓட்டலில் இலை போடுகிற பையன், அபார்ட்மென்ட் காவலாளி என்று தினமும் யாரோ ஒருவரிடம் நீங்களும் பேசத்தானே செய்கிறீர்கள்?

முழுக்கத் தெரியாத வார்த்தை ஆபத்தில்லை. “என்ன?” என்று திருப்பிக் கேட்டுவிடுவோம். நம் வார்த்தை மாதிரியே காதில் விழுகிற வார்த்தைதான் ஆபத்து. சிலவற்றைப் பாருங்கள்.

* இந்தியில் ‘சக்கர் ஆ ரஹா ஹை’ என்றால் தலைசுற்றுகிறது என்று அர்த்தம். நம் காதில் ‘சக்கரை’ என்று விழும். சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

* இந்தியில் ‘புகார்’ என்றால் காய்ச்சல். பாவம், அவன் காய்ச்சல் என்கிறான். யார்மேலோ புகார் சொல்ல வந்திருக்கிறான் என்று நாம் நினைப்போம்!

* தெலுங்கில் ‘கடுபு’ என்றால் வயிறு, ‘நொப்பி’ என்றால் வலி. ‘கடுபு நொப்பி’ என்பது வெறும் வயிற்றுவலி. நம் காதுக்கு அது வயிற்றுக் கடுப்பு, அதாவது சீதபேதி ஆகிவிடுகிறது. கொடுக்கிற மருந்தே மாறிப்போகும்.

* தெலுங்கில் ‘கள்ளு’ என்றால் கண்கள். வயசான தெலுங்கு அம்மா ‘கள்ளு’ சுற்றுகிறது என்றால், தலைசுற்றலைத்தான் சொல்கிறார். தப்பாக நினைத்துக்கொண்டு சிரித்துவிடாதீர்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியில் ‘கல்’ என்பது நேற்றும்தான், நாளையும்தான். அதோடு வருகிற வினைச்சொல்தான் எது என்று காட்டும். “மருந்து கல்” என்று நீங்கள் மொட்டையாகச் சொன்னால், நேற்றா நாளையா என்று கேட்கிறவர் குழம்பிப்போவார்.

வேறு பாஷை வரைக்கும் போவானேன்? நம் தமிழிலேயே “வாயு புடிச்சிருக்கு” என்கிறோம். நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, கூடவே வியர்வை... இதையும் வாயு என்றே சொல்லிச் சுக்குத் தண்ணீர் குடிக்கிறவர்கள் உண்டு. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தலையாட்டினால் புரிந்ததாகுமா?

நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். தொழிற்சாலைக்கு வருகிற வெளிநாட்டுப் பொறியாளருக்கு அது ‘முடியாது’ என்பதுபோலத் தோன்றும். அதே மாதிரி, பெரியவர்கள் முன்னால் ‘புரியலே’ என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். அதனால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலை ஆடும். என் பையனும் அப்படித்தான் ஆட்டினான்.

ஆகவே, “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “எப்படிச் சாப்பிடுவே, எனக்குச் சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். அவர் சொல்லும்போதே எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். ‘மூணு வேளை’ என்றும் சொல்லாதீர்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்கு வேளையே வேறு. மாத்திரை அட்டையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

நடுவில் யார்?

கணவரை வைத்துக்கொண்டு மனைவியிடம் மாதவிலக்கு பற்றிக் கேட்டால் பதில் வராது. மேஸ்திரி நடுவில் நின்றால், கூலி போய்விடுமோ என்ற பயத்தில் தொழிலாளி வலியை மறைப்பான். ஸ்கூலில் தமிழ் கற்ற குழந்தையை அம்மாவின் வியாதிக்கு மொழிபெயர்க்க வைப்பதும் சரியல்ல. நம்பகமான பெரியவர் ஒருவர், பெண்களுக்கு ஒரு பெண், இதுதான் நல்லது. வேலூரில் 1900-ல் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் கவனியுங்கள். வங்காளத்திலிருந்து வருகிற நோயாளிகளுக்காகக் கடைகளிலும் விடுதிகளிலும் வங்காள எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். தன் எழுத்தைப் பார்த்ததுமே பாதி பயம் போய்விடும்.

வீட்டில் நினைவில் வையுங்கள்

1. முதலில் ‘சாப்பிட்டாயா?’ என்று கேளுங்கள். இந்தியில் ‘கானா காயா?’, கன்னடத்தில் ‘ஊட்டா ஆய்த்தா?’ அவர் பாஷையில் ஒரு வார்த்தை போதும், மனசு திறந்துவிடும்.

2. ‘எங்கே வலி?’ என்பதற்கு வார்த்தையை நம்பாதீர்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. ‘எப்போதிலிருந்து?’ என்பதற்கு விரல்விட்டு எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். அல்லது காலண்டரைக் காட்டுங்கள்.

4. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது பக்கம் கீழே இறங்குகிற வலி, பசியின்மை, வாந்தி, காய்ச்சல் இருந்தால் குடல்வாலாக இருக்கலாம். பேதி மருந்தும் கை வைத்தியமும் கூடவே கூடாது. ஆஸ்பத்திரிதான்.

5. பாதி புரிந்தால், புரியவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

உங்கள் பிள்ளை துபாயிலோ ஜெர்மனியிலோ வேலை பார்க்கலாம். நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாஷை தெரியாத ஒரு டாக்டர் முன்னால் அவன் நிற்கக்கூடும். அந்த டாக்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் வேண்டிக்கொள்வீர்கள்? அப்படி நாமும் நடந்துகொள்வோம். ஆபரேஷன் முடிந்து அந்தப் பையன் என்னைப் பார்க்க வந்தபோது, நான் முதலில் கேட்டது ‘கானா காயா?’தான். அவன் தமிழில் பதில் சொன்னான்: “சாப்டேன், ஐயா!”