நூறு தண்ணீர் கண்ட நெய்

நெய்யை எதற்கெல்லாம் உபயோகிக்கலாம் என்று கேட்டால், நம் வீட்டுப் பெண்மணிகள் ஒரே மூச்சில் பத்துப் பெயர் சொல்லிவிடுவார்கள். பருப்பு சாதத்தில் விடலாம், மைசூர்ப்பாகு கிளறலாம், முந்திரி வறுக்கலாம், ஸ்வாமி விளக்கு ஏற்றலாம். "அந்த நெய்யைத் தண்ணீர் விட்டு நூறு தரம் கழுவி, ராத்திரி படுக்கப் போகும்போது முகத்தில் பூசிக்கொள்ளலாம்" என்று நான் சொன்னால், "இதென்ன கூத்து! நெய் விற்கிற விலையில் அதைக் கழுவிக்கொண்டு உட்காரவா?" என்றுதானே கேட்பீர்கள்? கேளுங்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். யாரிடம் தெரியுமா? என் அத்தையிடம்.

அத்தைக்கு வயது 62. ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து உழைத்த கைகள் அவருடையவை. ஐம்பதைத் தாண்டியதிலிருந்து அந்தக் கைகளும் கன்னங்களும் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி வறண்டு போயின. யாராவது போட்டோ எடுக்க வந்தால் போதும், இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்வார்.

பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "இந்த முகத்தோடு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பதா?" என்று அத்தைக்கு விசாரம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் மூலம் சின்ன டப்பா ஒன்று வீடு தேடி வந்தது. அதன் மேல் செய்தவர் பெயர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. "பதினைந்தே நாளில் பத்து வயசு குறையும்" என்ற வாய்வார்த்தைதான் அதற்கு முத்திரை!

முதல் மாதம் முகம் பளபளத்தது வாஸ்தவம்தான். மூன்றாம் மாதம் கன்னம் இரண்டும் சிவந்து, அடுப்புப் பக்கம் போனாலே எரிய ஆரம்பித்தது. தோல் மெலிந்து, அடியிலிருந்த சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போல் தெரிந்தன. சரும வைத்தியர் பார்த்தவுடனே, "அம்மா, அந்த டப்பாவில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும் போலிருக்கிறதே!" என்றார்.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட வஸ்து அல்ல. வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் தடவினால் அருமையான மருந்து. அதையே அழகுக் கிரீம் என்று தினமும் முகத்தில் பூசிக்கொண்டால், தோலை மெல்லியதாக்கிவிடும். திடீரென்று நிறுத்தினாலோ, முன்னைக் காட்டிலும் அதிகமாய்ச் சிவந்து எரியும். இப்படி அவதிப்பட்டவர்கள் ஏராளமாகிவிட்டதால்தான், 2018-ல் இத்தகைய களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசாங்கம் உத்தரவு போட்டது. பெயரில்லாத டப்பாக்களுக்கு அந்த உத்தரவு எங்கே தெரியப் போகிறது!

கல்யாணத்தில் அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகம் குணமாக ஏழெட்டு மாதம் பிடித்தது. கடைசியில் வைத்தியர், "இனிமேல் மருந்து வேண்டாம். வாசனையில்லாத, சாதாரணமான எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ஏதாவது ராத்திரியில் தடவுங்கள்" என்று சொன்னபோது, அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: "எங்க அம்மா நெய்யைக் கழுவிக் கழுவி ஒரு களிம்பு பண்ணுவா. அதைத் தடவிக்கலாமா?"

வைத்தியர் சிரித்துவிட்டு, "முதலில் கையிலும் காலிலும் தடவிப் பாருங்கள். ஒன்றும் செய்யவில்லையென்றால் முகத்துக்குப் போகலாம்" என்றாராம்.

சுவரும் சாந்தும்

வயதாக ஆகச் சருமம் ஏன் வறள்கிறது? நம் தோலின் மேல்படலத்தை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உயிர்ச்சத்துப் போன தட்டையான அணுக்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள்கள்தான் சாந்து. சாந்து சரியாக இருக்கிறவரையில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. வயது ஏற ஏறச் சாந்து குறைகிறது. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளும் சோம்பிவிடுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த மாறுதல் வேகமாக நடக்கிறது. தோலுக்கு உறுதி கொடுக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருளில் சுமார் 30 சதவிகிதம், மாதவிடாய் நின்ற முதல் 5 வருஷங்களிலேயே குறைந்துவிடுகிறது என்று சரும வைத்தியர்கள் கூறுகிறார்கள்.

நெய்யோ வேறு எந்தக் கொழுப்போ, போன கொலாஜனைத் திருப்பிக் கொண்டுவராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது செய்வதெல்லாம், சுவரின் விரிசலை அடைத்து ஈரத்தை உள்ளே நிறுத்துவதுதான். ஈரம் நின்றால் சொரசொரப்பும் அரிப்பும் குறையும். வறட்சியால் விழுந்த மெல்லிய கோடுகள் காலையில் சற்று மங்கித் தெரியும். ஆழமான சுருக்கம் அப்படியேதான் இருக்கும். பத்து வயசு குறையாது. குறையும் என்று யாராவது சத்தியம் செய்தால், டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்!

பழைய சரக்குதான்

கொழுப்பைக் கொண்டு இரவுக் களிம்பு செய்வது நேற்று வந்த நாகரிகமல்ல. 2-ம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் செய்த காலன் என்ற கிரேக்க வைத்தியர், தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் உருக்கி, பன்னீர் சேர்த்துக் குழைத்த களிம்பு பிரசித்தமானது. பூசியதும் அதிலுள்ள நீர் ஆவியாகிக் குளுகுளுவென்று இருக்கும். இன்று நாம் கோல்ட் கிரீம் என்று சொல்வது அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

மேல்நாடுகளில் சமீப காலமாக மாட்டுக் கொழுப்பை உருக்கி வடிகட்டி இரவுக் களிம்பு செய்வது மறுபடியும் மோஸ்தராகியிருக்கிறது. அதிலுள்ள பால்மிடிக், ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்கள் நம் தோலின் கொழுப்பிலும் இருப்பவை என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள். நம் நாட்டில் பல வீடுகளில் அந்தக் கொழுப்பை வாசற்படி ஏற விடமாட்டார்கள். 1983-ல் வனஸ்பதியில் அது கலந்துவிட்டதென்று தேசம் முழுவதும் கிளம்பிய அமளி பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அதே மூன்று அமிலங்களும் பசு நெய்யில் தாராளமாக இருக்கின்றனவே! நூறு முறை கழுவிய நெய்யை ஆயுர்வேதத்தில் 'சத தௌத கிருதம்' என்பார்கள். எரிச்சலைத் தணிக்கக் கழுவிய நெய்யைப் பூசும் முறை சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது.

செய்முறை

தேவையானவை: நல்ல பசு நெய் 100 கிராம், அகலமான தாமிரத் தாம்பாளம், குடிக்கக்கூடிய சுத்தமான குளிர்ந்த தண்ணீர் சுமார் 10 லிட்டர், 100 புளியங்கொட்டை. புளியங்கொட்டை எண்ணிக்கைக்குத்தான், களிம்பில் போட்டுவிடாதீர்கள்!

தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பச்சைக் களிம்பு துளியும் இல்லாமல் அலம்பித் துடையுங்கள். தாமிரம் இல்லாவிட்டால் எவர்சில்வர்த் தட்டிலும் செய்யலாம். கைகளை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம் வளையல்களைக் கழற்றி வையுங்கள். நெய் உறைந்த பதமாக இருக்க வேண்டும். உருகியிருந்தால் சற்று நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

நெய்யைத் தட்டில் போட்டு, அரைத் தம்ளர் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் வட்டம் வட்டமாக ஒரு நிமிஷம் தேயுங்கள். தட்டைச் சாய்த்துத் தண்ணீரை ஒரு வாளியில் வடித்துவிட்டு, ஒரு புளியங்கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுங்கள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் தேய்ப்பு. வடித்த தண்ணீரை அடுக்களைத் தொட்டியில் கொட்டாதீர்கள். நெய் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

கழுவக் கழுவ நெய்யின் மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். பாதி கொட்டைகள் நகர்ந்திருக்கும்போது, நெய் உப்பி, அடித்த வெண்ணெய் போல் ஆகும், வாசனையும் குறையும். கடைசிப் பத்துத் தடவைக்கு மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை உபயோகியுங்கள். நூறு முடிந்ததும், கையில் எடுத்தால் வெள்ளை வெளேரென்று, ஜில்லென்று, பிசுக்கில்லாமல் இருக்கும். காரணம், கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் நெய்க்குள் புகுந்து அடைபட்டுக் கிடக்கின்றன. சத்தமில்லாமல் நீங்கள் ஒரு கோல்ட் கிரீம் செய்துவிட்டீர்கள்!

மொத்தம் இரண்டு மணி நேரமாவது ஆகும். கை வலிக்குமே என்று மலைக்காதீர்கள். அத்தையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்குப் பத்து என்று மாற்றி மாற்றித் தேய்த்தோம். ஊர் வம்பு முழுவதும் முடிவதற்குள் நெய் வெளுத்துவிட்டது.

மிச்சத் தண்ணீரை நன்றாக வடித்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் அடையுங்கள். தாமிரத்தில் வைத்தால் சீக்கிரம் சிக்கடித்துவிடும். உள்ளே நீர் இருப்பதால் கிருமிகளுக்கும் இதன்மேல் பிரியம் அதிகம். ஆகவே பிரிட்ஜில் வைத்து, உலர்ந்த ஸ்பூனால் எடுத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வாடை மாறினாலோ, புள்ளி விழுந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

'இத்தனை பாடு நம்மால் ஆகாது' என்பவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. சுத்தமான தேன்மெழுகு 20 கிராம், தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 80 கிராம் இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தில் வைத்து உருக்கி, புட்டியில் ஊற்றி ஆறவிடுங்கள். நேரே அடுப்பில் வைக்க வேண்டாம். இதில் நீர் இல்லாததால் வெளியில் வைத்தாலும் சீக்கிரம் கெடாது.

பூசும் விதமும் ஜாக்கிரதையும்

ராத்திரி முகத்தை வெதுவெதுப்பான நீரில் அலம்பி, துண்டால் ஒற்றி எடுங்கள். அரை ஈரமாக இருக்கும்போதே ஒரு பட்டாணி அளவு களிம்பை உள்ளங்கையில் இளக்கி, மெல்லப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். அதே போல் கை, முழங்கை, குதிகாலுக்கும் தடவலாம். குதிகாலில் பூசினால் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் வழுக்கி விழுந்தால் களிம்பின் மேல் பழி போடாதீர்கள்!

முதல் தடவை முழங்கையின் உட்புறத்தில் மட்டும் தடவி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெய்யும், எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். பரு வருகிற முகத்துக்கு இரண்டுமே ஆகாது. எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கும், வெடித்து ரத்தம் கசியும் இடத்திலும் தடவாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். தீக்காயத்துக்கு நெய் தடவுவது பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள். சுட்ட இடத்தை உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டி, பெரிய காயமானால் வைத்தியரிடம் ஓடுவதுதான் சரி. அதே மாதிரி, ஆறாத புண்ணோ, வடிவமும் நிறமும் மாறுகிற மச்சமோ இருந்தால், களிம்பு தடவி நாளைக் கடத்தாதீர்கள்.

ராத்திரி ஈரத்தைக் காப்பாற்றிவிட்டு, பகலில் வெயிலில் காய்ந்தால் என்ன பிரயோஜனம்? சருமம் கிழடு தட்டுவதற்கு வெயில்தான் பெரிய காரணம். மொட்டை மாடியில் வடாம் பிழியப் போனாலும், காய்கறி வாங்கப் போனாலும் ஒரு குடை கூடவே வரட்டும்.

அத்தையின் கதையை முடிக்கவில்லையே! போன தை மாதம் அந்தப் பேத்திக்கு வளைகாப்பு நடந்தது. அத்தை முகத்தில் சுருக்கங்கள் இருக்கத்தான் செய்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் சிவப்பு இல்லை, எரிச்சல் இல்லை. போட்டோக்காரர், "பாட்டி, கொஞ்சம் கையை முன்னால் நீட்டுங்கோ" என்றார். அத்தை ஒரு கணம் தலைப்பைத் தொட்டார். பிறகு அதை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நன்றாக நீட்டி, பேத்தியின் கையைப் பிடித்து, முதல் வளையலை மெதுவாக ஏற்றினார்.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.