நூறு சதவீத அடைப்போடு நடமாடுகிறவர்கள்

"இன்னாமா இது, நூறு பர்சன்ட் அடைப்புன்னு எழுதிக்கீது. அப்ப நான் எப்பிடி நடமாடிக்கினு கீறேன்?"

வடசென்னை ஆஸ்பத்திரி ஒன்றில், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆஞ்சியோ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். காசிமேட்டுப் படகுக்காரர் கேட்பார். எண்ணூர் கம்பெனியில் ரிட்டையர் ஆன ஃபிட்டரும் கேட்பார். நியாயமான கேள்விதான்.

மாரடைப்பில் ரத்தக்குழாய் திடீரென்று அடைத்துக்கொள்கிறது. அடுத்த ஏற்பாடு செய்துகொள்ள இதயத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. இவர்களுக்கு அப்படியல்ல. கொழுப்பும் சுண்ணாம்பும் வருடக்கணக்கில் படிந்து குழாய் மெல்ல மெல்ல மூடியிருக்கும். முழுதாக மூடி மூன்று மாதம் தாண்டிவிட்டால் டாக்டர்கள் அதை 'சி.டி.ஓ.' என்பார்கள். ஹார்பர் கேட் மூடிக் கிடந்தால் எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் வண்டிகளில் சில சந்துக்குள் புகுந்து வழி தேடுமே, அதுபோல பக்கத்துக் குழாய்களின் மெல்லிய கிளைகள் விரிந்து, அடைப்புக்கு அந்தப் பக்கம் ரத்தம் கொண்டுபோகும். உட்கார்ந்து பேப்பர் படிக்க அந்த ரத்தம் போதும். ஐஸ் பெட்டி தூக்கவோ இரண்டு மாடி ஏறவோ போதாது. நெஞ்சு இறுக்கும், இல்லையென்றால் மூச்சு வாங்கும். நின்றால் சரியாகிவிடும். அதனாலேயே 'கேஸ்' என்று சொல்லி சோடா குடித்தே வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே நகையை அடகு வைக்க ஓடும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இது: அந்த நூறைப் பார்த்துப் பதறாதீர்கள். டாக்டரோடு உட்கார்ந்து இரண்டு கேள்விக்குப் பதில் தேடுங்கள். அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கும் தசை இன்னும் உயிரோடு இருக்கிறதா? மாத்திரை சாப்பிட்டும் தொந்தரவு நிற்கவில்லையா? முதல் கேள்விக்கு எக்கோவிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு நோயாளிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இத்தகைய அடைப்பைத் திறந்தவர்களுக்கு நெஞ்சுவலி நன்றாகக் குறைந்தது. ஆனால் 2019இல் வெளியான கொரிய ஆய்வில், 800 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தும், மரணத்திலோ மாரடைப்பிலோ மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துத் திறந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, இந்த சிகிச்சையால் வலி குறைந்து நன்றாக வேலை செய்ய முடியும்; ஆயுளை நீட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வலியே இல்லாதவர் ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பிரஷர் மாத்திரையோடு, பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு இருக்கலாம். பல குழாய்களில் அடைப்பு, கூடவே சர்க்கரையும் என்றால் பைபாஸ் பற்றிப் பேச வேண்டிவரும்.

திறப்பது என்று முடிவானால் அன்றைக்கு எங்களுக்கு நீண்ட நாள். சாதாரண ஸ்டென்ட் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம்; இது மூன்று மணி நேரம்கூட இழுக்கும், எக்ஸ்ரேக்காகப் போட்டிருக்கும் ஈய அங்கி தோளை அறுக்கும். மணிக்கட்டு வழியாக ஒன்று, தொடை வழியாக ஒன்று என இரண்டு குழாய்கள் செலுத்தி இரு பக்கமும் சாயம் விட்டால்தான் அடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று திரையில் தெரியும். 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால், கல்லாகிப்போன அந்த மூடியைத் துளைக்க வேண்டும். முன்பக்கம் வழிவிடாவிட்டால், இதயம் தானே விரித்துக்கொண்ட அந்தக் கிளை வழியாகவே கம்பியைச் சுற்றி அனுப்பி அடைப்பின் பின்பக்கமிருந்து வருவார்கள். ஜப்பானிய டாக்டர்கள் வளர்த்தெடுத்த வித்தை இது. கம்பி அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை யாரும் பேசமாட்டோம். சேர்ந்த பிறகு பலூன், ஸ்டென்ட் எல்லாம் பழகிய வேலை.

கைதேர்ந்தவர்களிடம் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குத் திறந்துவிடும். குழாயில் ஓட்டை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் கிரியாட்டினின் பார்க்காமல் தொடங்குவதில்லை. எக்ஸ்ரே அளவு 5 கிரேயைத் தாண்டினால் முதுகுத் தோலைச் சில வாரம் கவனிக்கச் சொல்லி அனுப்புவோம். திறக்க முடியாமல் பாதியில் நிறுத்துவதும் உண்டு. அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை, நிறுத்தத் தெரிந்த டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

செலவா? 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. பெரியவர்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லும் ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. அடகுக்கடைக்குப் போவதற்கு முன்னால் அங்கே போய் விசாரியுங்கள்.

காசிமேட்டு அண்ணன்மார் பலர் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறார்கள். வலி கூடாமல் ஒரே அளவில் இருந்தால், டாக்டர் சம்மதத்தோடு அதுவரை பொறுக்கலாம். ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே 108. ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, ஒரு நாளும் விடக் கூடாது. கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். அதனால் டீசல், ஐஸ் கணக்கு போடும்போதே மாத்திரைக் கணக்கையும் போட்டு, இரண்டு பட்டை கூடுதலாகப் படகில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.