வேர்க்கும் உடம்பு, வறளும் வாய்

கண்டாவளைப் பிரதேசத்தில் உடலுழைப்புக்குக் குறைவில்லை. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களில் பகல் முழுக்க வேலை. பொழுது சாய்ந்தால் பரந்தன், முரசுமோட்டை, தருமபுரம் என்று ஊருக்கு ஊர் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும். இவ்வளவு ஆடி அசைகிற உடம்பில் பல் மட்டும் ஏன் சூத்தையாகிறது? உழைப்புக்குத் துணை என்று நாள் முழுக்க வாயில் போட்டுக்கொள்பவற்றில்தான் விடை இருக்கிறது.

உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் இதே கதைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பல் பரிசோதனைக்கு வந்த 302 பேரை ஆராய்ந்தபோது, 55 வீதமானோருக்குப் பற்சூத்தை இருந்தது. 45 வீதமானோருக்குப் பல்லின் கடினமான மேற்படையான மிளிரி அமிலத்தால் அரிக்கப்பட்டிருந்தது. வாய்க்கோளாறு தங்கள் பயிற்சியையும் ஆட்டத்தையும் பாதித்ததாக 18 வீதமானோர் சொன்னார்கள்.

காரணம் உமிழ்நீரில் தொடங்குகிறது. பல்லிலிருந்து கரையும் கல்சியத்தையும் பொசுபேற்றையும் திருப்பிக் கொடுப்பதும், அமிலத்தைத் தணிப்பதும் அதன் வேலை. வெயிலில் வேர்த்து, வாயால் மூச்சு வாங்கி ஓடும்போது உமிழ்நீர் வற்றுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் மைதானத்து ஓரத்தில் இனிப்புச் சோடாப் போத்தல் கைமாறுகிறது. வாயின் பீஎச் அளவு 5.5 இற்குக் கீழே இறங்கினால் மிளிரி கரையத் தொடங்கும். சோடாவும் எனர்ஜி பானமும் அதைவிட மிகக் கூடிய அமிலத்தன்மை உடையவை. போதாக்குறைக்கு, அவற்றின் சீனியைத் தின்று வாயிலுள்ள பற்றீரியாக்களும் அமிலம் சுரக்கின்றன.

ஒரு தடவை இனிப்புக் குடித்தால் வாய் பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் செல்லும். அதற்குள் அடுத்த மிடறு என்றால் பல்லுக்கு ஆறுதலே இல்லை. அதனால், எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை என்பதையும் பார்க்க வேண்டும். வயல் வரம்பில் சீனி போட்ட தேத்தண்ணியைப் போத்தலில் வைத்து, களை பிடுங்கும் இடைவெளியெல்லாம் குடிப்பவருக்கும் கணக்கு இதுவே. சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்து முடிப்பது எவ்வளவோ மேல். ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீர் தாராளமாகப் போதும். சீனி சேராத மோரும் இருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது வெற்றிலை. களைப்புத் தெரியாமலிருக்க என்று கொட்டைப்பெட்டியிலிருந்து பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் எடுத்து, மடித்து, கொடுப்புக்குள் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருப்பார்கள். பாக்கு உண்மையில் ஊக்கம் தரும் பொருள்தான். ஆனால் புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்தது. “நான் போயிலை போடுறதில்லை, பாக்கு மட்டும்தான்” என்ற சமாதானம் அதோடு செல்லாது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை அரசு 2016 இல் தடை செய்தது. பாக்கு அந்தத் தடைக்குள் வரவில்லை. பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை இளைஞர்கள் நாடுவது எனக்குப் பெரிய பயத்தைத் தருகிறது. பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். பழக்கத்தை விட்டாலும் இறுகியது பழையபடி இளகாது.

உடற்பயிற்சியால் முரசுக்கு நன்மையும் உண்டு. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முரசு வீங்கி இரத்தம் கசியும். முரசு நோய் முற்றினால் இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். தினமும் நடப்பவர் நீரிழிவைத் தள்ளிவைத்து முரசையும் காக்கிறார்.

இரவு படுக்குமுன் புளோரைட் பற்பசையால் துலக்குங்கள். நுரையைத் துப்பிய பின் வாயை அலசத் தேவையில்லை. சோடா குடித்த கையோடு துலக்க வேண்டாம். மிளிரி இளகியிருக்கும், அரை மணி நேரம் பொறுங்கள். கரியால் தேய்த்தால் பல் வெள்ளையாகத் தெரியும், ஆனால் மிளிரி தேய்ந்துபோகும்.

வெற்றிலை போடுபவர் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் பார்க்க வேண்டும். வெள்ளையோ சிவப்போ ஆன படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாத வாய் — இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாய்ப்புற்று தொடக்கத்தில் நோவதில்லை.