தார்ப்பாய்க்குள் ஒரு ஐகான்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில், வேப்பமரத்தடியில், தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்கும். விசாரித்தால் கதை ஏறக்குறைய ஒன்றுதான். என்.எல்.சி.யில் வேலையில் இருந்தபோது புதிதாக எடுத்தது, ஓய்வு வந்துவிட்டது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பையன் பெங்களூரில். “சிங்கிள் ஓனர் தம்பி. இருபது வருஷத்துல நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.” தார்ப்பாயை விலக்கினால் உள்ளே இருப்பது ஃபோர்டு ஐகான் 1.6 என்றால், கார்ப் பைத்தியம் பிடித்த யாருக்கும் கை பரபரக்கும்.

இரண்டு கதவும் தாழ்ந்த கூரையுமாகப் படத்தில் வரும் ஸ்போர்ட்ஸ் காரை இந்தப் பக்கம் பழைய விலைக்குத் தேடுவது வீண் வேலை. நமக்கு வாய்த்தது ஐகான்தான். 1999இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வெளிவந்த இது, ஐரோப்பாவின் ஃபியஸ்டாவுக்குப் பின்னால் டிக்கி சேர்த்துச் செய்த கார். ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விளம்பரத்தில் பொய் அதிகமில்லை. சின்ன உடம்புக்கு 1.6 லிட்டர் என்ஜின், 90 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். ஸ்டியரிங்கைப் பிடித்தால் சாலை எப்படி இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். இன்றைய எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் இல்லாத சமாச்சாரம் அது.

சரி, நாற்பதாயிரம் கிலோமீட்டர். மயங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அந்த நாற்பதாயிரமும் எப்படி ஓடியது? குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து மெயின் பஜார், ஞாயிற்றுக்கிழமை கோயில். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீட்டர். என்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நன்றாகச் சூடான என்ஜினில் அது ஆவியாகி சைலன்சர் வழியே போய்விடும். சூடேறாத என்ஜினிலோ ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். மீட்டரில் எண் ஏறாமல் இருக்கும்போதே கார் கெடுவது இப்படித்தான். வாரம் ஒருமுறை சென்னை போய்வந்த, ஒரு லட்சம் ஓடிய ஐகான் இதைவிட உடம்பில் தெம்பாக இருக்கக்கூடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். மோரில் வெண்ணெய் திரண்டதுபோல வெளிறிய பழுப்பில் ஏதாவது ஒட்டியிருந்தால், ஆயிலும் தண்ணீரும் கடைபட்டுக் கலந்திருக்கின்றன. காரணம் இரண்டில் ஒன்று. மேலே சொன்ன குட்டிப் பயணங்கள் என்றால் மிரள வேண்டாம். ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டினால் மறையும். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் செலவு பெரிது. பிரித்தறிய, கூலன்ட் டப்பாவைத் திறங்கள். அதிலும் எண்ணெய் மிதந்தாலோ, என்ஜின் சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, விலை பேசாமல் திரும்பிவிடலாம். என்ஜின் சூடாக இருக்கையில் மட்டும் கூலன்ட் டப்பாவின் மூடியில் கை வைக்காதீர்கள். முகம் வெந்துவிடும்.

டப்பாவில் இருக்கும் நீரின் நிறமும் பேசும். பச்சை, சிவப்பு என்று சாயத்தோடு இருந்தால் கூலன்ட். செம்மண் கலங்கல் மாதிரி இருந்தால் யாரோ பல ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த 1.6 என்ஜினில் அது இரட்டை ஆபத்து. சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் தெர்மோஸ்டாட் உட்காரும் கூடு பிளாஸ்டிக்கால் ஆனது. வருஷக்கணக்கில் சூட்டிலும் குளிரிலும் கிடந்து மொரமொரப்பாகி, ஒருநாள் மயிரிழை விரிசல் விடும். கூலன்ட் சொட்டுச் சொட்டாக வெளியேறும். ஓட்டுகிறவர் கவனிக்காவிட்டால் என்ஜின் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்துவிடும். டார்ச் அடித்து அந்தக் கூட்டைச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் உப்புப் படிவதுபோலத் தடம் விட்டிருக்கும். கூடு மலிவானது. அதைக் கவனிக்காமல் விட்டதன் விலைதான் பெரிது.

நல்ல சேதியும் உண்டு. இதன் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது பெல்ட் அல்ல, சங்கிலி. பெல்ட் அறுந்து என்ஜின் நாசமாகும் பயம் கிடையாது. ஆனால் ஆயிலைக் காலத்துக்கு மாற்றாத வண்டியில் அந்தச் சங்கிலி தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சலசலக்கும்.

அடுத்து, ரப்பர். இது ஓடாமலே மூப்படையும் சாமான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயவே இல்லை என்று உரிமையாளர் பெருமைப்பட்டாலும், அந்த டயர் குப்பைக்குத்தான். பெட்ரோல் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் காரின் ரப்பர்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல.

மரத்தடி நிழலுக்கும் ஒரு விலை உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சருகு அடைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் வழியின்றி உள்ளே இறங்கும். மிதியடியைத் தூக்கி, அதன் கீழ் கார்பெட்டை அழுத்துங்கள். ஈரம் கசிந்தால் தளத் தகடு இற்றுக்கொண்டிருக்கும். ஸ்டெப்னி கிடக்கும் குழியையும் பாருங்கள். சந்தேகமான இடத்தில் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லையென்றால் பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது தகடல்ல, பட்டி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பதும் நல்லது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து வெளியூர்களுக்கு விற்கப்பட்டன. இருக்கைக்குத் துணியுறை மாற்றுகிறவர்கள் பெல்ட்டின் அடிமுனையில் இருக்கும் சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்ப்பது டவுன்ஷிப்புக்குள் வேண்டாம். அகலமான அமைதிச் சாலையில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். ஆர்ச் கேட்டைத் தாண்டி வடலூர்வரை போய்வாருங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். இரண்டும் பேரத்துக்கு உதவும். காரை நிராகரிக்கக் காரணம் ஆகாது. ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீல். தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங், அதாவது என்ஜின் வேலை.

காகித விஷயம். ஐகான் உற்பத்தி 2011இல் நின்றது. 2021இல் ஃபோர்டே இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே எந்த ஐகானும் 15 வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 2025 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அதற்கான மத்திய அரசுக் கட்டணமே 10,000 ரூபாய். புதுப்பிக்காத டிஎன் 31 வண்டியை “நீங்களே கடலூர் ஆர்.டி.ஓ.வுல காட்டிக்கோங்க” என்று உரிமையாளர் தள்ளினால், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வங்கிக் கடன் ஆர்.சி.யில் இன்னும் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. காரைப் பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், அந்தக் கார் காலையில் எழுந்திருக்கச் செய்யும் அடத்தை உங்களிடம் மறைக்கிறார்கள்.